மிஞ்சிய சோற்றை அளக்க நோட்டா, தராசா?

ஐ.நா. அறிக்கைப்படி 2022இல் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில்.

நம் வீட்டில் அளக்க நோட்டு சுலபம், செலவில்லை. ஆனால் கை தானாகக் குறைத்து எழுதும், சில நாள் மறந்தே போகும். மாட்டுத் தாழிக்குப் போவதைத் தனியாக எழுதுங்கள், ஐ.நா. கணக்கில் தீவனம் வீணில் சேராது.

ஈரோடு, கோபிப் பக்கக் கல்யாண மண்டபங்களுக்குத் தராசுதான் சரி. இலை எடுத்ததும் சோறு, பொரியல், இனிப்பு என்று தனித்தனி வாளியில் வழித்து நிறுத்துப் பாருங்கள். இலையையும் முருங்கைச் சக்கையையும் சேர்த்துவிடாதீர்கள், கணக்கு கெட்டுவிடும். கேட்காமலே வைத்த சோறா, யாரும் தொடாத கூட்டா என்று சமையல்காரருக்கே தெரிந்துவிடும். அப்புறம் அடுத்த பந்தியிலேயே கரண்டியைக் குறைக்கலாம். நோட்டு அவ்வளவு சீக்கிரம் சொல்லாது.