பிரைம்95: 13 கோடி வர்க்கங்களும் பிழையில்லாமல் வர வேண்டும்

2024 அக்டோபரில் லூக் டூரன்ட் கண்டுபிடித்த 2^136279841 − 1 அதுவரை தெரிந்த பகா எண்களிலெல்லாம் பெரியது. 4,10,24,320 இலக்கங்கள், இருமத்தில் எழுதினால் முழுக்க ஒன்றுகள். இப்படி 2இன் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் மெர்சென் பகா எண்களைத் தன்னார்வலர்களின் கணினிகளில் தேடும் ஜிம்ப்ஸ் திட்டத்தை 1996இல் தொடங்கிய ஜார்ஜ் வோல்ட்மனின் இலவச மென்பொருள்தான் பிரைம்95. முகப்பு பழைய விண்டோஸ் காலத்தது. உள்ளே நடக்கும் கணக்கு அபாரம்.

2இன் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது: 2^11 − 1 = 2047 = 23 × 89. அதனால் முழுச் சோதனைக்கு முன் காரணி தேடல். இதில் 'பி−1' முறை, காரணியில் ஒன்றைக் கழித்தால் வருவது சிறு பகா எண்களாக உடையும்போது பலிக்கும். 2^67 − 1இன் காரணி 193707721. ஒன்றைக் கழித்தால் 2^3 × 3^3 × 5 × 67 × 2677, உடனே சிக்கிவிடும். இதன் இரண்டாம் கட்டம் நிறைய ரேம் கேட்கும். நிறுவியதும் இருக்கும் நினைவக வரம்பு மிகக் குறைவு. முதல் வேலையாக அதைச் சில ஜிபிக்கு உயர்த்துங்கள்.

காரணி கிடைக்காவிட்டால் பிஆர்பி சோதனை, அதாவது பகா எண்ணாக இருக்க வாய்ப்புண்டா என்று பார்ப்பது. 3இல் தொடங்கி, மேலே சொன்ன அளவு எண்ணுக்கு 13.6 கோடி தடவை வர்க்கம் எடுத்து, ஒவ்வொரு தடவையும் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி காண வேண்டும். ஒவ்வொரு மீதியும் 17 எம்பி. ஒரே ஒரு பிட் புரண்டாலும் முடிவு குப்பை. முன்பெல்லாம் இதற்காகவே இன்னொரு கணினி முழுச் சோதனையையும் திரும்பச் செய்தது. இப்போது ராபர்ட் கெர்பிச்சின் சரிபார்ப்பு இடையிடையே பிழையைப் பிடித்து, கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. கூடவே 256 இடைநிலை மீதிகளைச் சேமித்து ஒரு சான்றுக் கோப்பும் உருவாகிறது. அதை வைத்து இன்னொருவர் வெறும் 5.3 லட்சம் வர்க்கங்களில் உங்கள் முடிவைச் சரிபார்க்கலாம். எனக்கு இந்த மென்பொருளின் உயிரே இதுதான். இதற்குக் கொடுக்கும் விலை, வட்டில் சுமார் 4.4 ஜிபி இடம். இடத்தைப் பாதியாக்கினால் சரிபார்ப்பவரின் வேலை இரட்டிக்கும்.

பிஆர்பியில் தேறினாலும் அது பகா எண் என்று நிரூபணமாகாது. நிரூபிக்க, 4இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 2 கழித்து மீதி கண்டுகொண்டே போகும் லூகாஸ்–லேமர் சோதனையில் கடைசி மீதி பூஜ்யம் ஆக வேண்டும்.

செயலியின் ஒவ்வொரு கோருக்கும் (கணக்கிடும் பிரிவுக்கும்) தனி எண் கொடுப்பது பலர் செய்யும் தவறு. இந்த அளவு எண்ணைப் பெருக்கும் அணிவரிசை ஒன்றுக்கே சுமார் 60 எம்பி. பெரும்பாலான மேசைக்கணினிகளின் கேஷில், அதாவது செயலிக்குள் இருக்கும் வேக நினைவகத்தில், அது அடங்காது. எல்லாக் கோர்களும் ரேமுக்காகக் காத்துக் கிடக்கும். பிரைம்95இலேயே உள்ள வேக அளவீடான பெஞ்ச்மார்க்கை ஓட்டிப் பார்த்தே முடிவெடுங்கள். பல கணினிகளில் எல்லாக் கோர்களும் ஒரே எண்ணில் உழைப்பதுதான் வேகம்.

தொடங்கும் முன், கணினியை முழுச் சுமையில் ஓட்டிப் பிழை வருகிறதா என்று பார்க்கும் டார்ச்சர் டெஸ்ட் அவசியம். எஃப்எஃப்டி என்பது பெரிய எண்களை வேகமாகப் பெருக்கும் முறை. 'ஸ்மால் எஃப்எஃப்டி' செயலியின் சூட்டைச் சோதிக்கும். 'லார்ஜ் எஃப்எஃப்டி' ரேமை. விடையை முழு எண்ணாக்கும்போது வரும் முழுமையாக்கல் பிழை 0.4ஐத் தாண்டியதாக எச்சரிக்கை வந்தால் ஓவர்கிளாக்கையும் (செயலிக்குக் கூட்டிவைத்த வேகத்தையும்) ரேமின் எக்ஸ்எம்பி (கூட்டிய வேக அமைப்பு) வேகத்தையும் குறைத்து மறுபடி ஓட்டுங்கள்.

டூரன்ட்டின் கண்டுபிடிப்பு கிராஃபிக்ஸ் அட்டைகளில் ஓடும் ஜிபியுஆவ்ல் என்ற மென்பொருள் வழியாக வந்தது. இரட்டைத் துல்லிய (64 பிட் தசம) கணக்கில் வலுவான அட்டை இருந்தால் அந்தப் பக்கம் போங்கள்; செயலி மட்டும் இருந்தால் பிரைம்95.