மேட்டுப்பாளையம் மலை ரயில்: படம் பார்த்தவர்கள் எங்கே ஏறுவது, எங்கே உட்காருவது

மூன்றாம் பிறை (1982), டேவிட் லீனின் எ பாசேஜ் டு இந்தியா (1984), தில் சே (1998). மூன்றிலும் வருவது நம்ம மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி போகும் மலை ரயில்தான். 46 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை, 208 வளைவு, 16 குகை, 250 பாலம். அந்தப் படங்களுக்காகவே இதில் ஏறுகிறவர்கள் முதலில் எந்தப் பகுதியில் போவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

காரில் ஊட்டி போய், குன்னூர் வரை மட்டும் ரயிலில் வந்து திரும்பினால் கிடைப்பது டீசல் வண்டி. பார்க்க அழகான பாதைதான், ஆனால் நீராவி இன்ஜினும் பல் தண்டவாளமும் குன்னூருக்குக் கீழேதான். ஆகவே வெள்ளென எழுந்து, மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 வண்டியைப் பிடிப்பதே சரி.

கல்லாறு வரை சாதாரணத் தண்டவாளம். அதைத் தாண்டியதும் நடுவில் இரண்டு பல் பட்டைகள் சேர்ந்துகொள்ளும். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி தள்ளிப் பதித்திருப்பதால், இன்ஜினின் பல்சக்கரத்துக்கு எந்த நொடியும் பிடி விடாது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும். இங்கே ஓடும் எக்ஸ் வகை நீராவி இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர். சாதாரணச் சக்கரங்களை ஓட்டிவிட்டு வரும் நீராவியே அடுத்துப் பல்சக்கரத்தையும் சுற்றுகிறது. பற்கள் பொருந்தும் இடத்தில் வண்டி ஊர்ந்து போகும். அந்த நேரம் பேச்சை நிறுத்திவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள்.

இந்த ஏற்றத்தில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டருக்குள்தான். தில் சே படத்தின் ‘சைய்ய சைய்யா’ பாட்டில் கூரை மேல் ஆடியதும், அதைச் சந்தோஷ் சிவன் கேமராவில் பிடித்ததும் ஓடும் இந்த மலை ரயிலில்தான்.

மேலேறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். பெட்டி எதுவும் கழன்று கீழே உருண்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அதனால் முன்பெட்டிக்கு எதிரே இன்ஜின் இல்லை, பாதை அப்படியே திறந்து கிடக்கும். முன் முகப்பில் பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். முதல் வகுப்பு அங்கேதான், கூடுதல் காசு கொடுக்கத் தகும். இன்ஜினைப் பார்க்க ஆசையென்றால் கடைசிப் பெட்டிதான் இடம். வளைவுகளில் பக்கத்தில் தெரியும். திரும்பும் வண்டி ஊட்டியில் பகல் 2 மணிக்கு. குன்னூருக்குக் கீழே இன்ஜின் முன்னால் இருக்கும். படம் பிடிக்க அதுவும் நல்லது. லீன் படத்தில் டாக்டர் அஜீஸ் பெட்டிக்கு வெளியே தொற்றிக்கொண்டு வருவாரே, அதைப் பார்த்துவிட்டு யாரும் படிக்கட்டில் நின்று பழக வேண்டாம். குகைச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வரும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். இருக்கை நெருக்கம், முழங்கால் இடிக்கும். பெட்டியில் கழிப்பறை இல்லை. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது இறங்கிக்கொள்ளலாம், தின்பண்டத்தைக் குரங்கு பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல்லாறு–குன்னூர் இடையே மண் சரிந்து வண்டி ரத்தாவது உண்டு. அந்த மாதங்களில் இதை நம்பி மட்டும் பயணம் வைக்காதீர்கள். டிக்கெட்டை முன்பதிவு திறக்கும் நாளிலேயே எடுத்துவிட வேண்டும்.

மூன்றாம் பிறையின் கடைசிக் காட்சி கேத்தி ஸ்டேஷனில் எடுத்தது. இயக்கமும் ஒளிப்பதிவும் பாலு மகேந்திராவே. ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் வாங்கித் தந்த படம். அந்த நடைமேடையைப் பொறுமையாகப் பார்க்க மேலேறும் வண்டியில் நேரம் போதாது, நின்ற கையோடு கிளம்பிவிடும். ஊட்டி சேர்ந்து, குன்னூர் போகும் வண்டியில் லவ்டேலுக்கு அடுத்து கேத்தியில் இறங்குங்கள். அடுத்த வண்டி எப்போது என்று ஸ்டேஷனில் கேட்டு வைத்துக்கொண்டு நடைமேடையின் கடைசி வரை நடக்கலாம். மழை தூறிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது, அந்தக் காட்சியும் மழையில் எடுத்ததுதான்.