ஜிப்சம் போர்டைத் திருப்பி மாட்டிட்டுப் போயிட்டார்: பாண்டில சீலிங் போடறவங்க கவனத்துக்கு

பாண்டி, கடலூர் பக்கம் வீட்டுக்கு ஜிப்சம் சீலிங் போடப் போறீங்கன்னா இதைப் படிச்சுட்டு அட்வான்ஸ் குடுங்க. காண்ட்ராக்டர் பேர் போடலை. அவர் செஞ்ச வேலை எப்படி இருக்கும்னு சொல்றேன், அதே வேலையை வேற யார் செஞ்சாலும் பிடிச்சிடலாம்.

எங்க வீடு லாஸ்பேட்டைல. மொட்டைமாடிக்கு நேர் கீழ பொண்ணோட ரூம். சித்திரை பிறந்துட்டா ராத்திரி பத்து மணிக்கும் தளம் அனலா இறங்கும். 2024 செப்டம்பர்ல சீலிங் போட்டுடலாம்னு முடிவு பண்ணோம். வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்கார், அதனால நிக்கிறது பார்க்கிறது எல்லாம் நான்தான். 12க்கு 14 ரூம், 168 சதுர அடி, அடிக்கு 90 ரூபா, பெயின்ட் வரைக்கும் சேர்த்து. ரவுண்டா 15,000னு பேசினோம். பேசினதோட சரி, ஒரு துண்டுச் சீட்டுல கூட எழுதி வாங்கலை.

முதல் நாள் ஜி.ஐ. சேனல் (போர்டைத் தாங்கற தகரச் சட்டம்) அடிச்சாங்க. அது சுத்தமான வேலை, இன்னைக்கும் அதுல குறை சொல்ல மாட்டேன். மறுநாள் போர்டு வந்து போர்ட்டிகோ சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. ஒரு பக்கம் தந்த நிறம், ஒரு எழுத்து கிடையாது. இன்னொரு பக்கம் சாம்பல், அதுல நீல மையில கம்பெனி பேரும் தேதியும் நம்பரும். பசங்க தூக்கி மாட்டும்போது பார்த்தா சாம்பல் பக்கம் ரூமைப் பார்த்து இருக்கு. கேட்டேன்.

"மேடம், ரெண்டு பக்கமும் பேப்பர்தான். சாம்பல் பக்கம் சொரசொரன்னு இருக்கும், பட்டி (பெயின்டுக்கு அடியில இழுக்கிற மாவுப் பூச்சு) நல்லா கவ்வும். நான் சிங்கப்பூர்ல பத்து வருஷம் இதே வேலைதான்."

சிங்கப்பூர்னதும் நான் அடங்கிட்டேன்.

ரெண்டே நாள்ல பட்டி, பெயின்ட் எல்லாம் முடிஞ்சு ரூம் பால் மாதிரி இருந்துச்சு. 12,000 குடுத்தேன். பாக்கி 3,000 தீபாவளிக்கு அப்புறம்னு சொல்லி வெச்சேன். நல்லவேளை.

ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் முதல்ல ஒரு கோடு. தலைமுடி கணக்கா, ஆனா ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி நேரா, ஆறடி நீளம். ஒரு வாரத்துல நாலு கோடு. அப்புறம்தான் வேடிக்கை. படுத்துக்கிட்டே பொண்ணு, "அம்மா, மேல ஏதோ எழுதியிருக்கு"ங்கறா. டார்ச் அடிச்சுப் பார்த்தா வெள்ளைப் பெயின்டுக்குள்ள இருந்து அந்த நீல எழுத்து மங்கலா எட்டிப் பார்க்குது. கம்பெனி பேர்ல பாதி, தேதி முழுசா. கார்த்திகை பிறந்தப்போ பெட்ஷீட்ல செதில் செதிலா பட்டி.

போன் பண்ணா, "ஃபெஞ்சல் புயல் மேடம், ஊருக்கே அடிச்சுது. கடல் காத்து, உப்பு, நான் என்ன பண்ண?" நவம்பர் 30 பாண்டி பட்ட பாடு எனக்கும் தெரியும். ஆனா எங்க மேல்தளம் ஒழுகலை. லைட் மாட்டின ஓட்டை வழியா கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், காய்ஞ்சு கிடக்கு. அதோட முதல் கோடு விழுந்தது புயலுக்கு மூணு வாரம் முன்னாடி. அதுக்கப்புறம் அவர் போனே எடுக்கலை.

பாண்டிக்காரங்களுக்கு ஃபிரான்ஸ்ல ஒரு சொந்தக்காரன் இல்லாம இருக்காது. என் சித்தி பையன் பாரிஸ் பக்கம் இதே போர்டு வேலைதான் பார்க்கிறான். வீடியோ கால்ல காமிச்சேன். பத்து செகண்ட் பார்த்தான். "அக்கா, அந்த ஆள் எல்லாத்தையும் திருப்பி மாட்டியிருக்கான்."

அவன் சொன்னது இதுதான். அங்க சாதாரண போர்டுக்கு "பே ஆ த்ரேஸ்"னு பேர். த்ரேஸ்னா 13, அதாவது கனம் (சரியா அளந்தா 12.5 மில்லிமீட்டர்). முன்னாடி இருக்கிற ரெண்டு எழுத்து "மெலிஞ்ச ஓரம்"கிறதோட சுருக்கம். பேர்லயே விஷயம் இருக்கு. போர்டோட நீள ஓரம் ரெண்டும், ரெண்டு விரல் அகலத்துக்கு லேசா சரிஞ்சு மெலிஞ்சிருக்கும், தந்த நிறப் பக்கத்துல மட்டும். ரெண்டு போர்டு ஒட்டி நிக்கும்போது நடுவுல ஒரு ஆழமில்லாத பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்துலதான் பேப்பர் டேப்பை வெச்சு ஜாயின்டிங் காம்பவுண்ட் (ஜாயின்டை மூடற பூச்சு) போட்டு மட்டமாக்கணும். நம்ம ஊர் போர்டும் அப்படித்தான், கைய வெச்சுத் தடவினாலே தெரியும்.

சாம்பல் பக்கம் அந்தப் பள்ளம் கிடையாது. அங்க டேப் ஒட்டினா மேடு தட்டும். அதனால நம்ம ஆள் டேப்பே வைக்காம ஜாயின்டுக்குள்ள பட்டியைத் திணிச்சு இழுத்துட்டார். சேனல் கொஞ்சம் அசைஞ்சா டேப் இல்லாத ஜாயின்ட் விடத்தானே செய்யும்? ஒரு தப்பை மறைக்க இன்னொன்னு. மூணாவதா, மேல இழுத்தது சுவத்துக்குப் போடற ஒயிட் சிமென்ட் பட்டி. அது சிமென்ட் பூச்சு மேல பிடிக்கிற சரக்கு, பேப்பர் மேல நிக்காது. ஜிப்சம் போர்டுக்கு ஜிப்சத்துல செஞ்ச காம்பவுண்ட் தனியா இருக்கு. ஒவ்வொரு பூச்சும் காய்ஞ்சப்புறம்தான் அடுத்தது போடணும். ரெண்டு நாள்ல எல்லாம் முடியுதுன்னா அங்கயே சந்தேகப்பட்டிருக்கணும்.

இன்னொன்னும் கண்ணால பார்த்தேன். முன்பக்கப் பேப்பர் ஓரத்தைச் சுத்தி மடிஞ்சு பின்பக்கம் வந்து ஒட்டியிருக்கும். அதனால சாம்பல் பக்கம் ஓரத்துல ஒரு பேப்பர் ஒட்டு ஓடும். உதிர்ந்த இடத்துல நகத்தால நெம்பினேன், விரல் நீளத்துக்கு உரிஞ்சு வந்துச்சு, பட்டியும் சேர்ந்து.

சிங்கப்பூர் கதை முழுப் பொய்னு சொல்ல மாட்டேன். இங்கிலாந்து முறையில ஒரு காலத்துல சாம்பல் பக்கம் கனமான அடிப்பூச்சுக்கு, தந்த நிறப் பக்கம் மெல்லிசா இழுக்கறதுக்குன்னு வெச்சிருந்தாங்களாம், தம்பிதான் சொன்னான். இப்போ இங்கிலாந்துலயும் தந்த நிறப் பக்கம்தான். யாரோ பழைய மேஸ்திரி சொன்னதைப் பாதியா காதுல வாங்கிட்டு வந்திருப்பார்னு என் கணிப்பு.

சாம்பல் பக்கம் மாட்டினா மொத்தமா வீண்னும் இல்லை. ரெண்டாவதா வந்தவர் வில்லியனூர்க்காரர், வயசானவர். அவர் சொன்னது: "உள்ள இருக்கிற ஜிப்சம் ஒண்ணுதாம்மா. டேப் வெச்சு ரெண்டு பக்கமும் ஒரு அடி அகலத்துக்குக் காம்பவுண்டை இழுத்துக் கரைச்சிருந்தா மேடு தெரியாது." ஆனா எங்க பட்டியைச் சுரண்டினப்போ பேப்பரும் கூடவே கிழிஞ்சு வந்துச்சு, கழட்டினதுல பாதி உடைஞ்சுது. புது போர்டு எட்டு, கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 11,500. சேனல் மட்டும் பழசு.

அவர் வேலையைப் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். வெட்டின ஓரத்துல எந்தப் பக்கமும் சரிவு இருக்காதுங்கிறதால, அந்த ஜாயின்ட் எல்லாம் ஒரே நேர்கோட்டுல வராம மாத்தி மாத்தி வெச்சார். ஸ்க்ரூ தலை பேப்பரைக் கிழிக்காம மட்டமா உட்காரணும்னு பையனை ரெண்டு தடவை திட்டினார். பட்டி இழுக்கறதுக்கு முன்னாடி, "போட்டோ எடுத்துக்கோம்மா, அப்புறம் எதுவும் தெரியாது"ன்னு அவரே சொன்னார். நீங்களும் எடுங்க. அந்த நேரத்துல தலைக்கு மேல தந்த நிறமும் ஜாயின்ட்ல டேப்பும் தெரியணும். நீல எழுத்து தெரிஞ்சா வேலையை நிறுத்துங்க.

நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசினேன். முதல் கேள்வியே பில் இருக்கான்னுதான். இல்லை. அவ்வளவுதான் என் வழக்கு.

போன வாரம் பழைய காண்ட்ராக்டர் கிட்ட இருந்து போன். என் போனை ரெண்டு மாசமா எடுக்காதவர். "மேடம், அந்தப் பாக்கி 3,000..." நான் ஒண்ணும் பேசலை. கழட்டின போர்டோட ஓரத்தை, ரெண்டு பக்கமும், ஸ்கேல் வெச்சு எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துச்சு. அதுக்கப்புறம் கேட்கலை.