பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் டார்ச்சும் சொந்த மெமரி கார்டும் எடுத்துக்கொண்டு போங்கள்

62,000 ரூபாய் கொடுத்தேன். 20,000 திரும்பி வந்தது. மிச்சத்துக்கு ஓடாத கேமரா ஒன்றும், உள்ளே பூஞ்சை பிடித்த லென்ஸ் ஒன்றும் பீரோவில் இருக்கின்றன. கடை பெயரைக் கேட்டு யாரும் எழுத வேண்டாம். அந்த 20,000-ஐத் தரும்போதே வெளியில் பெயர் சொல்லக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். என்ன நடந்தது என்று சொல்லக் கூடாது என்று எழுதவில்லை.

மதுரையில் ஒரு காகித மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நிக்கான் டி3300, அதோடு பெட்டியில் வந்த 18-55 கிட் லென்ஸ். ஒன்பது வருஷமாக இதேதான். வண்டியூர் தெப்பக்குளம், யானைமலை, வைகைக்கரை என்று சுற்றி எடுத்துக்கொண்டிருந்தேன். படங்கள் சுமாராக வரும். அந்தச் சுமாரைத் தாண்ட மாட்டேன் என்கிறதே என்ற குறை மட்டும் இருந்துகொண்டே இருந்தது. இந்தக் குறை உள்ளவனைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

2024 ஜூலையில் ஒரு போட்டோகிராபி வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு ஞாயிறு, 3,500 ரூபாய். முதல் ஞாயிறு கீழக்குயில்குடி சமணர் மலை. விடியற்காலை வெளிச்சத்தில் மலையும் அடிவாரத்துத் தாமரைக் குளமும் அய்யனார் கோயில் குதிரைகளும். எதை எடுத்தாலும் அழகாக இருந்தது. வந்திருந்த பன்னிரண்டு பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

இரண்டாவது ஞாயிறு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். அதிகாலை நாலரை மணி, டியூப் லைட் வெளிச்சம், மல்லிகை மூட்டையோடு ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறார்கள். "ஆட்கள் ஓடுற இடம். ஷட்டர் ஐந்நூறுக்குக் கீழே இறங்கவே கூடாது" என்றார் மாஸ்டர். 1/500-இல் வைத்தேன், அதாவது நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம்தான் ஷட்டர் திறந்திருக்கும். வெளிச்சம் பத்தாததைக் கேமரா ஈடுகட்டுகிற ஐஎஸ்ஓ அளவு 12800-க்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. படம் முழுக்க மணல் தூவின மாதிரி. அதைவிட விசித்திரம், ஒரே இடத்தில் நின்று ஒரே கடையை எடுத்த பத்துப் படத்தில் நாலு மஞ்சளடித்திருந்தது, இரண்டு இருட்டாக இருந்தது, மிச்சம் ஒருமாதிரி ஊதா. மாஸ்டரிடம் காட்டினேன். ஸ்கிரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கண்ணு நல்ல கண்ணு. பாடி பத்தலை. இந்த கிட் லென்ஸ் வெறும் டப்பா."

நல்ல கண் என்று சொன்னதில்தான் விழுந்தேன். ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கே ஒரு கடையின் நம்பரைக் கொடுத்து, "என் பேரைச் சொல்லுங்க, குறைச்சுத் தருவாங்க" என்றார்.

கடையில் எனக்காக எடுத்து வைத்திருந்தது நிக்கான் டி7200 பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா. கூடவே தூரத்தை இழுத்துக் காட்டும் 80-200 எஃப் 2.8 டி லென்ஸ். ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கனம், கையில் வாங்கியதுமே கல்யாண வீட்டு போட்டோகிராபர் ஆகிவிட்ட உணர்வு. "ஷட்டர் கவுண்ட் எவ்வளவு?" என்று கேட்டேன். ஷட்டர் இதுவரை எத்தனை தடவை திறந்து மூடியிருக்கிறது என்ற கணக்கு அது. அந்த வார்த்தை தெரிந்ததே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். கடைக்காரர் ஒரு படத்தைத் தட்டிக் காட்டினார். ஃபைல் பெயர் டிஎஸ்சி 3871. "பாருங்கண்ணே, நாலாயிரம்கூட ஓடலை. வாங்கி வீட்ல வச்சிருந்த டாக்டரோடது."

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ஃபைல் எண் ஷட்டர் கவுண்ட் அல்ல. அந்த எண் 9999 வரை போகும், அப்புறம் மறுபடி 0001-இலிருந்து தொடங்கும். நடுவில் மெனுவில் போய் அழித்தும் தொடங்கலாம். பைக்கின் ட்ரிப் மீட்டரைக் காட்டி மொத்தம் ஓடியதே இவ்வளவுதான் என்று சொல்வதைப் போன்றது அது. உண்மைக் கணக்கு படத்தின் உள்ளேயே மறைவாக எழுதப்பட்டிருக்கும். நிக்கானில் எடுத்த படத்தை எடிட் செய்யாமல் அப்படியே கணினியில் போட்டு எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஷட்டர் கவுண்ட் என்று தனி வரியாக வரும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும். தூரத்தில் இருக்கிறவரிடம் வாங்குவதானால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். நேரில் போனால் உங்கள் சொந்தக் கார்டைப் போட்டு நாலு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். கார்டு போட விடமாட்டேன் என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

என் விஷயத்தில் அக்கா மகன் இதைப் போட்டுப் பார்த்தான். வாங்கி ஏழு வாரம் கழித்து. "மாமா, உட்கார்ந்துக்கங்க" என்றான். 1,73,902.

டி7200-இன் ஷட்டரை நிக்கான் 1,50,000 தடவைக்குச் சோதித்திருக்கிறது. அதைத் தாண்டினால் உடனே செத்துவிடும் என்று அர்த்தமில்லை, இரண்டு லட்சம் ஓடிய கேமராவும் உண்டு. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, நாலாயிரம் ஓடியதற்கு ஒரு விலை இருக்கிறது. நான் நாலாயிரத்தின் விலையைக் கொடுத்திருந்தேன்.

எண்ணைப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலே ஃப்ளாஷ் மாட்டுகிற இரும்புத் தடத்தில் கறுப்புப் பெயின்ட் முழுக்கப் போய் வெள்ளி மாதிரி பளபளத்தது. எந்த டாக்டர் வீட்டில் ஃப்ளாஷை அத்தனை தடவை சொருகி உருவுவார்? கைப்பிடி ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக, ஓரத்தில் பசை பிதுங்கிக் காய்ந்து, மூக்கருகே கொண்டுபோனால் செருப்புக் கடை வாசனை. ரப்பர் புதிதாக இருக்கிறதே என்று அன்றைக்கு மகிழ்ந்தவன் நான். பழைய ரப்பர் வியர்வையில் ஊறி உப்பிப் போய்தான் புது ரப்பர் ஒட்டியிருக்கிறார்கள்.

லென்ஸ் கதை இன்னும் நுணுக்கமானது. எனக்குக் கோபம் அதிகம் இதில்தான். லென்சில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். கழற்றிக் காட்டச் சொன்னேன். காட்டினார். பின்பக்கமிருந்து பார்த்தால் நடுவில் மிளகு அளவு ஓட்டை மட்டும் தெரிந்தது, சுத்தமாக இருந்தது. இந்த டி வகை லென்சுகளில் வெளிச்சம் நுழையும் ஓட்டையைக் கூட்டிக் குறைக்க ஒரு வளையம் இருக்கும், 2.8 முதல் 22 வரை எண் போட்டிருக்கும். கேமராவிலிருந்து கழற்றும்போது வளையம் 22-இல் இருந்தால் உள்ளே உள்ள இலைகள் மூடிக்கொள்ளும். கண்ணாடியின் நடுப்பகுதி மட்டும் தெரியும், ஓரமெல்லாம் மறைந்துவிடும். வளையத்தை 2.8-க்குத் திருப்பினால்தான் முழுக்கத் திறக்கும். திருப்பப் போனேன். "அதைத் தொடாதீங்கண்ணே, எர்ரர் வந்துரும்" என்று தடுத்துவிட்டார். இது பாதி உண்மை. வளையம் 22-இல் இல்லாமல் கேமராவில் மாட்டினால் எஃப்ஈஈ என்று ஸ்கிரீனில் வரும். மறுபடி 22-க்குத் திருப்பினால் போய்விடும். லென்சைக் கையில் வைத்துப் பார்ப்பதற்கும் அந்த எர்ரருக்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு கார்த்திகை மாதம் தெப்பக்குளத்தில் சூரியனுக்கு எதிராக மைய மண்டபத்தை எடுத்தேன். படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி. வீட்டுக்கு வந்து வளையத்தைத் திருப்பி, அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சை முன்னாலிருந்து சாய்வாக அடித்துப் பின்னாலிருந்து பார்த்தேன். ஓரத்திலிருந்து நடுப்பக்கம் நோக்கி வெள்ளை நூல் நூலாக, மழைக்காலத்து ஊறுகாய் ஜாடியில் படர்ந்த மாதிரி. சர்வீஸ் செய்கிறவர் 3,500 கேட்டார். நூலை எடுத்துவிடலாம், கண்ணாடி மேல் பூச்சை அது தின்ற தடம் போகாது என்று நேர்மையாகச் சொன்னார்.

இலவசமாகக் கொடுத்த 128 ஜிபி கார்டைப் பற்றி ஒரே வரி. உண்மையில் அது 16-ஐக்கூடத் தாண்டவில்லை, அதற்கு மேல் எடுத்த படமெல்லாம் பாதி சாம்பல் நிறப் பட்டையாக வந்தது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருளில் போட்டால் கார்டின் குட்டு வெளிப்பட்டுவிடும். முக்கியமான நிகழ்ச்சிக்கு முன்னால் போட்டுப் பாருங்கள், பின்னால் அல்ல.

டிசம்பரில் ஷட்டரை அமுக்கியதும் 'டக்' என்று பாதியில் ஒரு சத்தம். மேல் திரையில் எர்ர் என்று மின்னியது. அத்தோடு சரி. ஷட்டர் மாற்ற 9,500.

கடைக்குப் போனேன். "பழைய சாமான்னா அப்படித்தாண்ணே" என்றார் அதே மனிதர். வேண்டுமானால் இரண்டையும் 24,000-க்கு எடுத்துக்கொள்கிறாராம், மேலே பணம் போட்டு வேறு வாங்கிக்கொள்ளலாமாம். பில்லை எடுத்து நீட்டினேன். அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். எஸ்டிமேட் என்று அச்சிட்ட துண்டுச் சீட்டு. சீரியல் நம்பர் இல்லை, கடை முத்திரை இல்லை. வாங்கும்போது, "பில் போட்டா 18 சதவீதம் கூடும்ணே" என்றார், நான் தலையாட்டினேன். பழைய பொருளை வாங்கி விற்கிற கடைக்கு, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டுகிற வழி இருக்கிறது. வருஷம் பூராவும் ஜிஎஸ்டி கணக்கு எழுதிப் பிழைக்கிற நான் அதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினேன். வீட்டில் இதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

காப்பாற்றியது இரண்டு சின்ன விஷயம். முன்பணம் 10,000-ஐ யுபிஐயில் அனுப்பியிருந்தேன். "டி7200 ரெடிண்ணே, 4கே ஷட்டர்தான்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி அழியாமல் இருந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்தேன். தெரிந்த வக்கீல் ஒருவர் நோட்டீஸ் அனுப்பினார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. தொழிலுக்காக இல்லாமல் சொந்த ஆசைக்கு வாங்கியவன் என்பதும் எனக்குச் சாதகம் என்றார் வக்கீல். வழக்கு வரை போகவில்லை. நோட்டீஸ் போன பத்தாம் நாள் கடையிலிருந்தே கூப்பிட்டார்கள். 20,000-க்கு முடிந்தது. இன்னும் இழுத்திருக்கலாம், எனக்குத்தான் தெம்பில்லை.

கூடப் படித்தவர்களில் ஐந்து பேர் அதே கடையில் வாங்கியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. மாஸ்டருக்கு அதில் என்ன கிடைத்தது என்று எனக்கு ஆதாரம் இல்லை, அதனால் எழுதவில்லை.

ஆனால் அந்த மஞ்சள், ஊதா சமாச்சாரம் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்தேன். நம் ஊர்க் கரன்ட் நொடிக்கு 50 சுற்று. பழைய சோக் போட்ட டியூப் லைட் அதில் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது, நிறமும் கூடவே மாறுகிறது. கண்ணுக்குத் தெரியாது. 1/500-இல் எடுத்தால் அந்த ஏற்ற இறக்கத்தில் ஏதோ ஒரு துண்டு மட்டும் மாட்டும். 1/100-இல் எடுத்தால் ஒரு முழு ஏற்ற இறக்கமும் உள்ளே வந்துவிடும், படத்துக்குப் படம் மாறாது. ஷட்டர் குறைந்ததால் ஐஎஸ்ஓவும் இறங்கிவிடும்.

நல்லவேளை டி3300-ஐ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவில்லை, மகள் கேட்டாள் என்று வைத்திருந்தேன். மார்கழியில் ஒரு நாள் அதையும் அந்த 'டப்பா' லென்சையும் எடுத்துக்கொண்டு மறுபடி பூ மார்க்கெட் போனேன். லென்சை 18-இல் வைத்து (அங்கேதான் அதன் ஓட்டை அதிகம் திறக்கும்) எஃப் 3.5, ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ 1600. ஜூம் பண்ண முடியாததால் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது. பிச்சிப்பூ எடை போட்டுக்கொண்டிருந்த அம்மா, "மறைக்காம நில்லு தம்பி" என்று அதட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். முப்பது படமும் ஒரே நிறம். முகம் தெளிவு, தராசில் பூவைக் கொட்டுகிற கை மட்டும் லேசாகக் கலங்கியிருக்கிறது. ஒன்பது வருஷத்தில் நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான்.

அந்த 80-200 லென்ஸ் சிலிகா ஜெல் பாக்கெட்டோடு ஒரு டிபன் டப்பாவில் இருக்கிறது. அதற்குள்ளே மோட்டார் கிடையாது, டி3300-இல் மாட்டினால் ஆட்டோஃபோகஸும் வேலை செய்யாது. அதை விற்றுவிடச் சொல்லி அக்கா மகன் விளம்பரம் போட்டுக் கொடுத்தான். கேட்டு வந்தவர்களுக்கு வளையத்தை 2.8-க்குத் திருப்பி, டார்ச்சையும் நானே அடித்துக் காட்டுகிறேன். இதுவரை மூன்று பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.