வாலை வெட்டும் டவுன்லோடு பட்டை

"வருஷக்கணக்கா இதே பிரவுசரைத்தானே வச்சிருக்கீங்க, நானும் மாறிடலாமா?" என்று நண்பர் கேட்டார். வேகம், மெமரி, எக்ஸ்டென்ஷன் எல்லாம் அவருக்கே தெரியும். என்னை விடாமல் எரிச்சலூட்டும் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

டவுன்லோடு முடிந்ததும் மேலே ஒரு சின்னப் பட்டை வரும். ஃபைல் பெயர் நீளமாக இருந்தால் முன்பாதியை மட்டும் காட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடுகிறது. ஃபைல் எந்த வகை என்பது பெயரின் வாலில்தானே தெரியும்? அந்த வாலைத்தான் வெட்டுகிறார்கள்! 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்று போட்டு, வரிசையாக இடைவெளி விட்டு, கடைசியில் '.இஎக்ஸ்இ' (இது ஓடக்கூடிய புரோகிராம் என்பதற்கான அடையாளம்) என்று ஒட்டினால் பட்டையில் பிடிஎஃப் மட்டும்தான் தெரியும். ஒரு கிளிக்கில் புரோகிராம் ஓடத் தயாராகிவிடும். மவுஸை மேலே கொண்டுபோய் நிறுத்தினால் முழுப்பெயர் வரும், சரி. அவசரத்தில் யார் நிறுத்துகிறார்கள்?

இது புதுத் தந்திரமும் இல்லை. 2000 மே மாதம் மெயிலில் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸின் ஃபைல் பெயர் '.டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடிந்தது. விபிஎஸ் என்றால் திறந்ததும் ஓடும் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி புரோகிராம். விண்டோஸ் அந்தக் கடைசித் துண்டை மறைத்துவிட, எல்லோரும் பார்த்தது வெறும் டெக்ஸ்ட் ஃபைலை. அதற்கு அப்புறமும் பெயரின் கடைசியை மறைக்கலாம் என்று ஒரு டிசைனருக்குத் தோன்றுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நியாயமாகச் சொன்னால், மற்ற இடங்களில் இந்த பிரவுசர் கெட்டி. அரபி, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக யூனிகோடில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி உண்டு. அதைப் பெயருக்கு நடுவில் செருகினால் பின்னால் வரும் எழுத்துகள் திரும்பி நின்று, இஎக்ஸ்இ ஃபைல் பிடிஎஃப் மாதிரி முடியும். அப்படி ஒரு ஃபைலை நானே செய்து இறக்கிப் பார்த்தேன். குறியை எடுத்துவிட்டு அங்கே அடிக்கோடு போட்டுவிட்டது, வேஷம் கலைந்துவிட்டது. இறங்கும் ஃபைலில் 'இணையத்திலிருந்து வந்தது' என்ற முத்திரையையும் ஒழுங்காகக் குத்துகிறது. அதைப் பார்த்துத்தான் விண்டோஸ் திறக்குமுன் எச்சரிக்கிறது. அப்டேட்டும் தாமதமில்லாமல் வருகிறது.

இவ்வளவு இருந்தும் நண்பரிடம் "இப்போதைக்கு மாற வேண்டாம்" என்றுதான் சொன்னேன். அவர் வீட்டில் பெரியவர்களும் அதே கம்ப்யூட்டரில்தான் பில் இறக்குகிறார்கள். பெயரை நடுவில் வெட்டி வாலை விட்டுவைத்தால் போதும், அன்றைக்கே நானே போய் இன்ஸ்டால் செய்து கொடுப்பேன்.