பழைய காரின் கம்பெனி ஸ்டீரியோவோடு சி.டி. சேஞ்சர்: எந்த வழி எடுபடும்?

காரோடு வந்த ஸ்டீரியோவை மாற்ற மனமில்லை. ஆனால் ஆறு சி.டி.யாவது வரிசையாக ஓட வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. அந்த ஸ்டீரியோவுக்கென்றே கார் கம்பெனி விற்ற சேஞ்சரை, அதாவது பல சி.டி.களை வைத்து மாற்றி மாற்றி ஓட்டும் பெட்டியை, தேடிப் பிடிக்கலாம். எந்தக் காருக்கும் பொருந்தும் பொதுச் சேஞ்சரை எஃப்.எம். மாடுலேட்டர் வழியாகச் சேர்க்கலாம். அல்லது சேஞ்சர் இருப்பதாக ஸ்டீரியோவை நம்பவைக்கும் எமுலேட்டரைப் பின்னால் செருகலாம். பலரும் விலையைப் பார்த்து இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, ஸ்டீரியோவின் முதுகை.

சாக்கெட் என்ன சொல்கிறது?

சி.டி. போடும் வாயே இல்லாத ஸ்டீரியோவில் 'சி.டி.' என்றொரு பட்டன் இருந்தால் நல்ல அறிகுறி. அதை அமுக்கியதும் சேஞ்சர் இல்லை என்று திரையில் எழுத்து வந்தால், சேஞ்சரோடு பேச அதற்குத் தெரியும் என்று பொருள். பிறகு ஸ்டீரியோவை வெளியே இழுத்துப் பாருங்கள். (பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் ரேடியோவின் பாதுகாப்புக் குறியீட்டு எண் கையில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் திரும்ப மாட்டியதும் ஸ்டீரியோ பூட்டிக்கொள்ளும்.)

ஐ.எஸ்.ஓ. வகைச் சாக்கெட் என்றால் மேலே 20 பின் கொண்ட சிறிய பகுதி இருக்கும். அதில் நீல நிற 8 பின் பகுதிதான், அதாவது 13 முதல் 20 வரை, சேஞ்சருக்கானது. வழக்கமாக 16-இல் நிரந்தர 12 வோல்ட், 17-இல் ஸ்டீரியோவை ஆன் செய்தால் மட்டும் வரும் 12 வோல்ட், 18-இல் ஆடியோ எர்த், 19-இல் இடது, 20-இல் வலது. மிச்சமிருக்கும் 13, 14, 15-இல்தான் டேட்டா ஓடுகிறது. சிக்கலெல்லாம் அங்கேதான், ஏனென்றால் அந்த மூன்றும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

பிளக் பொருந்துவது வேறு, பேச்சு பொருந்துவது வேறு. பி.எம்.டபிள்யூ.வின் டேட்டா முறையான ஐ-பஸ் ஒரே கம்பியில் 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் பேசும். டொயோட்டாவில் ஏ.வி.சி.-லேன். அல்பைனில் எம்-பஸ், அதற்குப் பின் ஏ.ஐ.-நெட். பயனியரில் ஐ.பி.-பஸ், சோனியில் யூனிலிங்க். ஒன்றின் சேஞ்சர் இன்னொன்றின் ஸ்டீரியோவுக்கு வெறும் பெட்டிதான். ஸ்டீரியோ டேட்டா கம்பியில் "இருக்கிறாயா?" என்று கேட்கும், சேஞ்சர் பதில் சொன்னால்தான் ஆடியோ வழியைத் திறக்கும். இது தெரியாமல் 19, 20-இல் நேராக ஆடியோ கம்பியைச் சாலிடர் செய்துவிட்டு, சத்தம் வரவில்லையே என்று அலைவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு.

கம்பெனிச் சேஞ்சர்

பொருந்தும் சேஞ்சர் கிடைத்துவிட்டால் பயன்படுத்த இதைவிடச் சுகமானது இல்லை. ஸ்டீரியோவின் பட்டனிலேயே டிஸ்க் மாறும், பாட்டு மாறும். எத்தனையாவது டிஸ்க், எத்தனையாவது டிராக் என்று திரையில் தெரியும். சில கார்களில் வயரிங்கும் ஏற்கெனவே போட்டிருக்கும். பி.எம்.டபிள்யூ. இ46-இல் டிக்கியின் இடப்பக்க மூடிக்குப் பின்னால் பிளக் காத்திருப்பது பலருக்கும் தெரிவதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பார்ட் நம்பர். ஒரே மாடல் காரிலேயே இடையில் ஸ்டீரியோ மாறியிருந்தால் சேஞ்சரும் மாறியிருக்கும். மேகசினும் (டிஸ்க்குகளை அடுக்கிச் செருகும் தட்டுப்பெட்டி) சேர்ந்தே வருகிறதா என்று பாருங்கள். வேறு சேஞ்சரின் மேகசின் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே உட்காராது. பொருந்தும் சேஞ்சரை மாட்டியும் ஸ்டீரியோ கண்டுகொள்ளாவிட்டால் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். சில ஸ்டீரியோக்களில் சேஞ்சர் உண்டு என்று டயக்னாஸ்டிக் கருவி மூலம் கோடிங் செய்து கொடுக்க வேண்டும்.

பொருத்தும்போது பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இரண்டு. முதலாவது, போக்குவரத்துத் திருகுகள். பெட்டியின் மேலோ அடியிலோ இருக்கும் இவை, அனுப்பும்போது உள்ளே இருக்கும் இயந்திரம் ஆடாமல் பிடித்துவைப்பவை. கழற்றாமல் ஓட்டினால் ஸ்பிரிங் வேலை செய்யாது. ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்திலும் பாட்டு தாவும். கழற்றிய திருகுகளைப் பத்திரமாக வையுங்கள், மறுபடி கழற்றி எடுத்துப்போகும்போது தேவைப்படும். இரண்டாவது, கோணம். சேஞ்சரின் இரு பக்கவாட்டிலும் சிறிய திருப்பி ஒன்று இருக்கும். படுக்கையாக, சாய்வாக, செங்குத்தாக என்று அதில் குறி போட்டிருக்கும். எப்படி மாட்டுகிறீர்களோ அந்தக் குறிக்கு இரண்டு பக்கத்தையும் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் படுக்கையிலும் மறுபக்கம் செங்குத்திலும் நின்றால் இயந்திரம் கோணலாகத் தொங்கும். நல்ல டிஸ்க்கும் படிக்காது. லென்ஸ் போய்விட்டது என்று தூக்கிப்போடும் சேஞ்சர்களில் சில, இந்தத் திருப்பியைச் சரிசெய்தாலே பாடும்.

பழைய சேஞ்சர் என்பதால் அதன் குறைகளும் கூடவே வரும். அதிர்வு தாங்கும் ரப்பர் காய்ந்திருக்கும், லேசர் சோர்ந்திருக்கும். அச்சடித்த சி.டி.யைப் படித்துவிட்டு, வீட்டில் எழுதிய சி.டி.-ஆரில் தடுமாறினால் அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு. சி.டி.-ஆர்.டபிள்யூ. ஒளியைத் திருப்பி அனுப்புவது மிகக் குறைவு. பழைய சேஞ்சர்கள் பெரும்பாலும் அதைப் படிக்கவே படிக்காது. எழுதியதும் செஷனை மூடிவிடுங்கள், அதாவது எழுதும் மென்பொருளில் அந்தப் பதிவை முடித்துவையுங்கள். டிஸ்க்கில் காகித ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது: டிக்கியின் வெப்பத்தில் ஓரம் கழன்று உள்ளே சிக்கிக்கொள்ளும்.

எஃப்.எம். மாடுலேட்டர்

ஸ்டீரியோவில் சேஞ்சருக்கான சாக்கெட்டே இல்லாதபோது இதுதான் வழி. சேஞ்சரின் ஆடியோவை ஒரு சின்ன எஃப்.எம். நிலையம்போல ஆக்கி ரேடியோவுக்குள் அனுப்புகிறது. ஆன்டெனா கம்பிக்கு நடுவில் செருகும் வயர் மாடுலேட்டரை மட்டுமே பரிந்துரைக்க முடியும். அது வேலை செய்யும்போது வெளி ஆன்டெனாவைத் துண்டித்துவிடுகிற வகையாக இருந்தால் இன்னும் நல்லது. காற்றில் அனுப்பும் வகை, ஊர் விட்டு ஊர் போகும்போது அதே அலைவரிசையில் இருக்கும் உண்மையான நிலையத்தோடு மோதும்.

தரத்தில் ஒரு கூரை உண்டு. சி.டி. 20 கிலோஹெர்ட்ஸ் வரை தரும்; எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பில் 19 கிலோஹெர்ட்ஸில் பைலட் சைகை (இது ஸ்டீரியோ ஒலி என்று ரேடியோவுக்குச் சொல்வது) இருப்பதால் பாட்டு 15-ஓடு நின்றுவிடும். அதைவிடக் காதில் படுவது இன்னொன்று. அமெரிக்கச் சந்தைக்கான மாடுலேட்டர்கள் உயர் சுருதியை 75 மைக்ரோசெகண்ட் கணக்கில் தூக்கி அனுப்பும். ஐரோப்பாவிலும் உலகின் பெரும்பகுதியிலும் ரேடியோ 50 கணக்கில் இறக்கும். இரண்டும் ஒட்டாதபோது உயர் சுருதி 3.5 டெசிபல் வரை கூடி, சிம்பலும் 'ஸ' ஒலியும் கூசும். டிரெபிளைக் குறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். வெளியீட்டு அளவையும் கவனியுங்கள்: ஒரு நல்ல நிலையத்தின் சத்தத்துக்குச் சமமாக வைத்தால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் ஒலி உடையும்.

ஜப்பானிலிருந்து நேராக வந்த பழைய காரின் ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். அதற்குள் வரும் அலைவரிசை மாடுலேட்டரில் இருக்க வேண்டும். கண்ணாடியில் பதித்த ஆன்டெனாவுக்கு ஆம்பிளிஃபயர் இருந்து, அதற்கு மின்சாரம் ஆன்டெனா கம்பி வழியாகவே போகிறது என்றால், நடுவில் செருகிய மாடுலேட்டர் அதை மறித்துவிடக்கூடும். மாட்டியபின் சாதாரண ரேடியோ மங்கினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

எமுலேட்டர்

சேஞ்சர் சொல்ல வேண்டிய பதிலை இந்தச் சின்னப் பெட்டி சொல்கிறது. ஸ்டீரியோ நம்பி ஆடியோ வழியைத் திறக்கிறது, யு.எஸ்.பி.யிலிருந்தோ ஆக்ஸ் கம்பியிலிருந்தோ (போன் போன்றவற்றைச் செருகும் ஆடியோ கம்பி) பாட்டு வருகிறது. நகரும் பாகம் இல்லை, தாவாது. யு.எஸ்.பி. வகையில் பொதுவாக ஃபோல்டர்கள் டிஸ்க்காகத் தெரியும். எனவே ஆறு ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் 99 பாட்டு என்பது வழக்கமான எல்லை. பாட்டின் பெயரைத் திரையில் எதிர்பார்க்க வேண்டாம். வாங்கும்போது கார் மாடலை மட்டும் சொல்லாமல் ஸ்டீரியோவின் மாடலையும் சொல்லிக் கேளுங்கள்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் சத்தம் வந்தால் அது ஆல்டர்னேட்டர் இரைச்சல். ஆக்ஸில் செருகிய போன் அதே காரின் சார்ஜரிலும் இருந்தால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றி இது உண்டாகும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஆடியோ கம்பியில் டிரான்ஸ்ஃபார்மர் வகை ஐசொலேட்டர் போட்டால் தீரும்.

டிஸ்க்கைத்தான் கேட்க வேண்டும், கம்பெனிச் சேஞ்சரோ கிடைக்கவில்லை என்பவர்களுக்கு, ஆக்ஸ் எமுலேட்டரில் பொதுச் சேஞ்சரின் ஆர்.சி.ஏ. (சிவப்பு-வெள்ளை ஆடியோ பிளக்) வெளியீட்டைக் கொடுப்பதே சிறந்தது. கட்டுப்பாடு சேஞ்சரோடு வரும் ரிமோட்டில், ஆனால் எஃப்.எம்.மின் கூரை இல்லை, முழு ஒலியும் வரும். சேஞ்சர் சாக்கெட் உள்ள ஸ்டீரியோவுக்கு மாடுலேட்டர் வாங்க எந்தக் காரணமும் இல்லை.

வயர் இழுக்கும்போது

பொதுச் சேஞ்சருக்குத் தனி மின்சாரம் வேண்டும். நிரந்தர 12 வோல்ட்டை எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே, சேஞ்சரின் கையேடு சொல்லும் அளவில், ஃபியூஸ் போடுங்கள். டிக்கி பக்கத்தில் போட்டால் நடுவில் கம்பி உரசும்போது ஃபியூஸ் காப்பாற்றாது. மின்கம்பி காரின் ஒரு பக்கமும் ஆடியோ கம்பி மறுபக்கமும் போகட்டும். மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கானவை. அவற்றை டெஸ்டரால் தொடவே கூடாது. எல்லாவற்றையும் மூடிகளைத் திறந்து வைத்தபடியே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு திருகுங்கள்.

கடைசியாக மல்டிமீட்டரை 10 ஆம்பியர் வரம்பில், பேட்டரியின் நெகட்டிவ் கம்பிக்குத் தொடராக இணையுங்கள். கதவுகளைப் பூட்டி, காரின் மின்னணுப் பெட்டிகள் உறங்க அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லிஆம்பியருக்கு மேல் காட்டினால் சேஞ்சரின் ஃபியூஸை உருவிப் பாருங்கள். அளவு சட்டென்று இறங்கினால் அதன் ஆன்-ஆஃப் கம்பி இக்னிஷனுக்குப் பதிலாக நிரந்தர மின்சாரத்தில் மாட்டப்பட்டிருக்கலாம். அதை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.