காலடி ஓசைகளை விலைக்கு வாங்குவோர் கவனத்திற்கு

நாங்கள் மூவர் சேர்ந்து உருவாக்கிவரும் கணினி விளையாட்டு, காவலாளிகளின் கண்ணிலும் காதிலும் படாமல் பதுங்கிச் செல்வதையே அடிப்படையாகக் கொண்டது. இவ்வகை ஆட்டத்தில் ஓசை என்பது அலங்காரம் அன்று, விதி. 1998இல் வெளிவந்த 'தீஃப்' விளையாட்டிலேயே கம்பளத்தின் மேல் நடந்தால் காலடி அடங்கிவிடும். இரும்புத் தரையில் நடந்தால் காவலாளி விழித்துக்கொள்வான். அதனால்தான் காலடி ஓசைகளைத் தனியாக ஓர் ஒலி வடிவமைப்பாளரிடம் ஒப்படைத்தோம். அவர் எங்களை ஏமாற்றிவிட்டார்.

மரம், கல், சரளை, இரும்புத் தகடு, கம்பளம், ஈரத்தரை ஆகிய ஆறு தரைகள். ஒவ்வொன்றிலும் பதுங்கல், நடை, ஓட்டம். ஒவ்வொரு வகைக்கும் பத்து வெவ்வேறு அடிகள் என மொத்தம் 180 கோப்புகள் கேட்டிருந்தோம். எல்லாம் அவரே புதிதாகப் பதிவு செய்தவையாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், மோனோவில் (ஒற்றைத் தடத்தில்), எதிரொலி கலக்காமல் இருக்க வேண்டும் என்று எழுத்திலேயே பேசிக்கொண்டோம். எந்த அறையில் நடக்கிறோமோ அந்த அறைக்கேற்ற எதிரொலியை விளையாட்டே சேர்த்துக்கொள்ளும் என்பதால் அந்த நிபந்தனை முக்கியமானது. கோப்புகள் வந்த அன்று மாலையே, மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் பத்துப் பன்னிரண்டை மட்டும் கேட்டுவிட்டு மீதிப் பணத்தையும் அனுப்பினோம். தவறு அங்கேதான் நடந்தது.

ஹெட்ஃபோன் அணிந்து ஆடியபோது, சிறிய சாமான் அறையில் வைத்த கால் கல்யாண மண்டபத்தில் வைத்ததுபோல் முழங்கியது. சரளையில் ஓர் அடியின் வாலில் மிக மெல்லிய பறவைக் கூவல் கேட்டது. சில அடிகள் கழித்து அதே கூவல், சற்று இழுபட்டுத் தாழ்ந்த சுருதியில் மீண்டும் வந்தது. ஒப்பிட்டுப் பார்த்ததில், சரளைக்கான முப்பது கோப்புகளும் நான்கே அடிகளின் சுருதியை ஏற்றியும் இறக்கியும் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரித்தாற்போல் வெறுமையாக இருந்தது. சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பைப் பின்னர் சுருக்கப்படாத வேவ் கோப்பாக மாற்றினால் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும்.

எனக்கு மிகவும் வலித்தது பதுங்கல் ஓசைகளைக் கேட்டபோதுதான். அவை அனைத்தும் ஓட்டத்தின் ஒலியளவைக் குறைத்துச் செய்யப்பட்டவை. மெல்ல வைக்கும் கால் அப்படி ஒலிக்காது: முதலில் குதிகால் தொடும், பிறகு எடை மெதுவாக இறங்கும், கற்கள் ஒன்றிரண்டாக நெரியும், இடையில் துணி உரசும். ஓட்டத்தில் எல்லாம் ஒரே 'தட்' என விழுந்துவிடும். அந்த வேறுபாட்டைக் காதால் உணர்ந்துதானே ஆடுபவர் தன் அடுத்த அடியைத் தீர்மானிக்கிறார்!

விளக்கம் கேட்டதற்கு, பதிவு செய்த இடத்தில் பறவை இருந்தது என்று ஒரு வரி எழுதினார். அதன்பின் பதிலே இல்லை, பணமும் திரும்பவில்லை. மூலப் பதிவுகள் யாருடையவை என்று தெரியாததால், உரிமைச் சிக்கலுக்கு அஞ்சி 180 கோப்புகளையும் நீக்கிவிட்டோம்.

நேர்மையாக உழைக்கும் ஒலிக்கலைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களை இது குறிக்காது. ஆனால் மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் கோப்புகளை ஆட்டத்துக்குள் வைத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். வெட்டாத மூலப் பதிவு ஒன்றையேனும் கேட்டு வாங்குங்கள். உண்மையாகப் பதிவு செய்தவரிடம் அது இருக்கும்; அதில் அவருடைய மூச்சும், "சரளை, பதுங்கல், இரண்டாம் தடவை" என்று அவர் சொல்லும் குரலும் கேட்கும்.